பல்வலிக்கு ஆன்டிபயாடிக்: தருமபுரி கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஒரு சிறிய பல் கிளினிக் நடத்துகிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்தும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டினம், ராயக்கோட்டையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பலர் உள்ளே நுழையும்போதே கையில் பாதி காலியான ஒரு மாத்திரை அட்டை இருக்கும். "சார், இதப் போட்டேன், கேக்கல. இதவிட ஹெவியா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடிவதில்லை. அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

பல்வலி தாங்க முடியவில்லை. ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் போதாதா?

பெரும்பாலும் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

பல்லின் நடுவே ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்குள் நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய சதை இருக்கிறது. நம் பேச்சில் அதைத்தான் 'பல் நரம்பு' என்கிறோம். சொத்தை ஆழமாகப் போய் அந்த அறையை எட்டியதும் சதை வீங்குகிறது. காலில் அடிபட்டால் வீக்கம் வெளியே புடைத்துக்கொள்ள இடம் உண்டு. பல்லுக்குள் சுற்றிலும் கெட்டியான சுவர். வீங்க இடமில்லாமல் நரம்பு நசுங்குகிறது. படுத்ததும் தலைக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் வலியும் ஏறும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார வைக்கிற வலி இதுதான்.

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்கிற, அல்லது வளரவிடாமல் தடுக்கிற மருந்து. நசுங்கிக் கிடக்கும் நரம்பின் வீக்கத்தை அது குறைக்காது. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இப்படி வலியோடு வந்த 40 பேரில் ஒரு பாதிக்குப் பெனிசிலினும், மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வலி குறைந்ததில் இரு பக்கமும் வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் நாங்கள் தினமும் பார்ப்பதும் அதேதான்.

அடுத்த கட்டத்தில் அந்த நரம்பு செத்துப்போகிறது, அதோடு ரத்தக் குழாயும் போய்விடுகிறது. வாயில் போட்ட மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்துதான் வேண்டிய இடத்துக்குப் போகும். பல்லுக்குள்தான் ரத்தமே போவதில்லையே, மருந்து எப்படிப் போகும்? தக்காளித் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் ஒரு இடத்தில் அடைத்துக்கொண்டால், மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அதற்கு அப்புறம் உள்ள செடிக்குத் தண்ணீர் போகாது. குழாயைக் கழற்றி அடைப்பை எடுக்க வேண்டும். பல்லிலும் அப்படித்தான். பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அதாவது வேர் சிகிச்சை. இல்லையென்றால் பல்லை எடுக்க வேண்டும். சீழ் இருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும்.

ஆனால் போன தடவை மாத்திரை போட்டதும் வலி நின்றுவிட்டதே?

நின்றிருக்கும். அதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, மெடிக்கலில் 'பல்வலிக்கு ஒரு செட்' என்று கேட்டு வாங்குவதில் ஆன்டிபயாடிக்கோடு வலி மாத்திரையும் இருக்கும். வலியைக் குறைத்தது அதுதான், பெயர் வாங்கியது ஆன்டிபயாடிக். இரண்டாவது காரணம் கொஞ்சம் மோசமானது. நரம்பு முழுதாகச் செத்துவிட்டால் வலியும் போய்விடும். பல் குணமானது போலத் தோன்றும். உள்ளே அழுகல் அப்படியே இருக்கும், வேர் நுனியில் எலும்பை மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து, உடம்பு கொஞ்சம் தளரும் நேரத்தில், கன்னம் வீங்கிக்கொண்டு கிளம்பும். சுற்றியுள்ள எலும்பிலும் சதையிலும் பரவிய கிருமியை மருந்து அடக்கி, வீக்கம் நிஜமாகவே வடிவதும் உண்டு. அதுவும் தற்காலிகம்தான், கிருமியின் வீடு பல்லுக்குள் பத்திரமாக இருக்கிறது.

காவேரிப்பட்டினம் பக்கமிருந்து மாங்காய் லோடு ஏற்றும் ஒரு அண்ணன் வருவார். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. முதல் தடவை வந்தபோதே பல்லை எடுத்துவிடலாம் என்றேன். "சீசன் முடியட்டும் சார், மாத்திரை மட்டும் குடுங்க" என்றார். கொடுத்தேன். வலி நின்றது, அவர் வரவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் அதே சீட்டைக் காட்டி மூன்று முறை கடையில் வாங்கிப் போட்டிருக்கிறார். நான்காம் முறை தாடைக்குக் கீழே கழுத்து வரை வீங்கி, வாயில் ஒரு விரல் நுழையாத நிலையில் தம்பியோடு பைக்கில் வந்து இறங்கினார். எச்சில் விழுங்க முடியவில்லை. 108-ல் ஏற்றி அனுப்பினோம். அறுவை சிகிச்சை செய்து சீழை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அந்த முதல் சீட்டு என் கையெழுத்து. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் எப்போதுதான் ஆன்டிபயாடிக் வேண்டும்?

தொற்று பல்லை விட்டு வெளியேறி உடம்புக்குள் பரவுகிறது என்று அடையாளம் தெரியும்போது. காய்ச்சல், உடல் சோர்வு, வேகமாகப் பரவும் வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, தாடைக்குக் கீழே நெறி கட்டுதல் ஆகியவைதான் அந்த அடையாளங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு, உதாரணமாக புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, சற்று முன்னதாகவே தொடங்குவோம். அப்போதும் மருந்து துணைக்குத்தான். சீழை வெளியேற்றுவதோ பல்லைத் திறப்பதோதான் முதல் வேலை.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள பெரியவர்களுக்கு நரம்பு வீக்க வலியானாலும் சரி, ஒரே இடத்தில் நிற்கும் சீழ்க்கட்டியானாலும் சரி, பல் சிகிச்சையை உடனே செய்ய முடியும் என்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம். பல சிகிச்சைமுறைகளில் ஊருக்கு ஊர் கருத்து மாறும். இந்த விஷயத்தில் பெரும்பாலான நாடுகளின் அறிவுரை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கன்னம் வீங்கியிருக்கிறது. எதுவரை காத்திருக்கலாம்?

வீக்கம் கண்ணை மூடும் அளவுக்கு மேலே ஏறினாலோ, தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகை போல இறுகினாலோ, நாக்கு மேலே தள்ளினாலோ, விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். பல் கிளினிக்குக்கு வர வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அஞ்செட்டி, பென்னாகரம் மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். மூச்சுக்குழாய் அடைபட்டால் விடிய நேரமிருக்காது. மற்ற வீக்கங்களுக்கு அன்றோ மறுநாளோ பல் மருத்துவரைப் பாருங்கள். சூடான ஒத்தடத்தைக் கன்னத்தின் வெளியே கொடுக்க வேண்டாம். பச்சிலை அரைத்துப் பூசுவதும் வேண்டாம்.

எழுதிக் கொடுத்தால் எந்த மருந்து, எத்தனை நாள்?

பெரியவர்களுக்கு முதல் தேர்வு அமாக்சிசிலின், பொதுவாக 500 மி.கி., நாளைக்கு மூன்று வேளை. தேவையைப் பொறுத்து மெட்ரோனிடசோல் சேரும். (மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது தொடக்கூடாது. இதை நான் எல்லோரிடமும் சொல்லியே அனுப்புகிறேன், ஆண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன்.) அசிட்ரோம் போன்ற ரத்தம் இளகும் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். மெட்ரோனிடசோலோடு சேரும்போது ரத்தக் கசிவு ஆபத்தாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது: முதலில் பயன்படுத்த வேண்டியவை, கவனமாகப் பயன்படுத்த வேண்டியவை, கடைசி ஆயுதமாகப் பாதுகாக்க வேண்டியவை. அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் முதல் கூட்டம். அசித்ரோமைசின், செஃபிக்சிம், ஓஃப்ளாக்சசின் இரண்டாம் கூட்டம். நம் ஊர்ச் சீட்டுகளில் பல்வலிக்கு சர்வ சாதாரணமாகத் தென்படும் ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் கலந்த மாத்திரையை அந்த நிறுவனம் 'பரிந்துரைக்கத்தகாத கலவை' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. 'ஹெவி' என்று நாம் நினைக்கிற மாத்திரை பல் தொற்றுக்கு அதிக வேலை செய்வதில்லை. விலைதான் அதிகம்.

நாள் கணக்கு: மூன்று முதல் ஐந்து நாள் பெரும்பாலும் போதும், அதிகபட்சம் ஏழு. மூன்றாம் நாள் நான் திரும்பப் பார்க்க வேண்டும். பல்லுக்குச் சிகிச்சை நடந்து, காய்ச்சலும் வீக்கமும் போய்விட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்வேன்.

'கோர்ஸை முழுசாக முடிக்காவிட்டால் கிருமி பலமாகிவிடும்' என்பார்களே?

நானும் அப்படித்தான் படித்தேன், பல வருடம் அப்படியே சொல்லியும் வந்தேன். காசநோய் போன்றவற்றுக்கு அது இன்றும் முழு உண்மை, ஒரு நாள்கூட விடக்கூடாது. பல் தொற்றைப் பொறுத்தவரை, தேவையில்லாமல் நீட்டுகிற ஒவ்வொரு நாளும் வயிற்றிலும் தோலிலும் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் சேர்த்து மருந்து போகிறது, எதிர்ப்பை வளர்த்துக்கொள்ள அவற்றுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. அதனால் இன்றைய அறிவுரை குறுகிய கால மருந்தும் மறுபரிசோதனையும்தான். நீங்களாக ஒரு வேளை போட்டுப் பார்த்து நிறுத்திவிடலாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. நிறுத்துவது எப்போது என்பதை மருத்துவர் சொல்லட்டும். மிஞ்சியதை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, அடுத்த தடவை பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்க வேண்டாம்.

பல் எடுத்த பிறகு 'செப்டிக்' ஆகாமல் இருக்க மாத்திரை வேண்டாமா?

நல்ல உடல்நிலையில் உள்ளவருக்குச் சாதாரணமாகப் பல் எடுத்தால் தேவையில்லை. பஞ்சை அழுத்திக் கடித்திருப்பது, அன்று கொப்பளிக்காமல் இருப்பது, மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், கூடவே வலி மாத்திரை. அவ்வளவுதான். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றை ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள்.

இரண்டாவது மூன்றாவது நாளில் காது வரைக்கும் இழுக்கும் வலி வந்தால் பலரும் செப்டிக் ஆகிவிட்டது என்று பயந்து மெடிக்கலுக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் குழியில் உறைந்திருக்க வேண்டிய ரத்தம் கழன்று எலும்பு வெளியே தெரிவதால் வரும் வலி அது. அதற்கு ஆன்டிபயாடிக் உதவாது. குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்றே வலி நன்றாகத் தணியும். எலும்பை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் புதைந்த கடைசிப் பல் போன்றவற்றுக்குக் கதை வேறு, அங்கே மருத்துவர் யோசித்து முடிவு செய்வார்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நான் கண்டிப்பாகப் போட வேண்டும்தானே?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால், சர்க்கரை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போட வேண்டியதில்லை. கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் தொற்று சீக்கிரம் பரவும், அப்போது மருந்து தேவைப்படலாம். அதைவிட முக்கியம் சர்க்கரையைக் குறைப்பது. ஈறு அழற்சி சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை ஈறைக் கெடுக்கும், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இன்று பல கிராமங்களில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறது. பல் எடுக்கும் நாளில் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் வருகிறவர்கள் நிறைய. அப்படி வராதீர்கள். சாப்பிட்டு, மாத்திரை போட்டு, கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவுச் சீட்டோடு காலையில் வாருங்கள்.

இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். முழங்கால் மூட்டு மாற்றியிருக்கிறார்கள்.

மூன்றும் மூன்று விதம். செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இதய உள்ளுறைத் தொற்று வந்தவர்கள், பிறவி இதயக் குறைபாடுகளில் சில வகை உள்ளவர்கள் ஆகியோருக்கு, ரத்தம் வரும் பல் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு ஒரே ஒரு வேளை மருந்து, வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம். ஒரு வேளைதான், ஐந்து நாள் தேவையில்லை. ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் இது வேண்டாம். மூட்டு மாற்றியவர்களுக்கும் பொதுவாக வேண்டாம். ரூமாட்டிக் காய்ச்சலுக்காக மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை எழுதி வாங்கி வாருங்கள். உங்களுக்கு மருந்தின் வகையே மாற வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரை பல் சிகிச்சைக்கு முன்பு தடுப்புக்காகக் கொடுத்த ஆன்டிபயாடிக்குகளை ஆராய்ந்தபோது, 10-ல் 8 தேவையில்லாமல் கொடுத்தவை என்று தெரிந்தது. வழிகாட்டுதல் கையில் இருந்தும் அப்படி.

எனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று சின்ன வயதில் சொன்னார்கள்.

மறக்காமல் சொல்லுங்கள். என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள்: உடம்பெல்லாம் தடிப்பா, மூச்சுத் திணறலா, வெறும் வயிற்றுப்போக்கா. இப்படி நம்பிக்கொண்டிருப்பவர்களை முறையாகப் பரிசோதித்தால் 10-ல் 9 பேருக்கு ஒவ்வாமை இருப்பதில்லை. அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டிருப்பதால் வாழ்நாள் முழுக்க இரண்டாம் கூட்டத்து மருந்துகளே கிடைக்கும். வசதி கிடைக்கும்போது பெரிய மருத்துவமனையில் சோதித்துக்கொள்வது நல்லது, ஆனால் வீட்டில் ஒரு மாத்திரை போட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

மெடிக்கலில் கேட்டாலே கொடுக்கிறார்களே. அங்கே வாங்கினால் என்ன?

சட்டப்படி கொடுக்கக் கூடாது. ஆன்டிபயாடிக்குகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் இருப்பவை. அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும், பாருங்கள். 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றித் தனியாகவே பிரசாரம் செய்தது. 2014 மார்ச்சிலிருந்து சில உயர்ந்த ரக மருந்துகளுக்கு இன்னும் கடுமையான விதி வந்தது: வாங்கியவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பல்வலிக்கு அதிகம் போகிற அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் அந்தப் பதிவேட்டில் வருவதில்லை. எத்தனை அட்டை போனது என்று யாரும் எண்ணுவதுமில்லை.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரூர் பக்கத்துக் கிராமத்தில் ராத்திரி எட்டு மணிக்குப் பல் மருத்துவர் இல்லை, மெடிக்கல் இருக்கிறது. அழுதுகொண்டு வரும் தெரிந்த மனிதரை அவர் எப்படித் திருப்பி அனுப்புவார்? அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வலி மாத்திரை மட்டும் கொடுத்து, காலையில் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

டாக்டர், குறை எங்களிடம் மட்டுமா? நீங்களே அல்லவா எழுதித் தருகிறீர்கள்?

நியாயமான கேள்வி. பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு ஆசிரியை நேருக்கு நேர் இதைக் கேட்டார்.

நாங்கள் அதிகமாக எழுதுகிறோம், உண்மை. காரணங்களை மறைக்காமல் சொல்கிறேன். வெளியே பதினைந்து பேர் காத்திருக்கும்போது, மரத்துப்போகாமல் துடிக்கும் ஒரு பல்லைத் திறக்க அரை மணி நேரமாகும், சீட்டு எழுத அரை நிமிடம்தான். கடுமையாக வீங்கிய நரம்புக்கு மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது, நோயாளி துடிப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் "அஞ்சு நாள் மாத்திரை போட்டு வீக்கம் வடிஞ்ச பிறகு வாங்க" என்று அனுப்புவது எங்களுக்குள் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மரப்பு ஊசியைப் பிடிக்க வைக்க ஆன்டிபயாடிக் உதவாது. ஊசியை வேறு இடத்தில், வேறு முறையில் போட வேண்டும். அது கைத்திறன், பழகினால் வரும்.

பயமும் ஒரு காரணம். பல் எடுத்தவருக்கு நான்கு நாள் கழித்து வீங்கினால், 'மாத்திரை கூடக் கொடுக்கவில்லை' என்ற பேச்சு ஊரெல்லாம் போகும். மாத்திரை கொடுத்தும் வீங்கினால் யாரும் எங்களைக் குறை சொல்வதில்லை. நோயாளியின் எதிர்பார்ப்பும் இருக்கிறது: மூன்று வண்ண மாத்திரை இல்லாமல் வெறும் அறிவுரையோடு அனுப்பினால், இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தும் வைத்தியம் பார்க்கவில்லை என்று நினைக்கிறார்கள். நானே சில வருடங்கள், ஒவ்வொரு பல் எடுத்தவருக்கும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறேன். யோசிக்காமல், கை தானாக எழுதியது. ஒரு மாதம் என் சீட்டுகளின் நகல்களை எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் 'காய்ச்சல் இருந்ததா, பரவும் வீக்கம் இருந்ததா' என்று பார்த்தேன். பெரும்பாலானவற்றுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து காரணத்தைச் சீட்டிலேயே எழுதுகிறேன். காரணம் எழுத வரவில்லையென்றால் மருந்தும் எழுதுவதில்லை. சக மருத்துவர்கள் இதைப் படித்தால், ஒரே ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்து நாள் மாத்திரையில் அப்படி என்ன பெரிய கேடு?

உடனடிக் கேடுகள் தெரிந்தவைதான்: வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், தடிப்பு, அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. கண்ணுக்குத் தெரியாத கேடு பெரியது. மருந்து போட்டதும் பலவீனமான பாக்டீரியாக்கள் சாகும், தாக்குப்பிடிக்கும் வழி தெரிந்தவை மிஞ்சும். மிஞ்சியவை பெருகும். அந்த வழியைப் பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் மரபணுவாகக் கைமாற்றிவிடும். ஒரு முறை ஆன்டிபயாடிக் போட்டால் அந்த எதிர்ப்பு 12 மாதம் வரை உடம்பில் தங்கக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இன்று பல்வலிக்குத் தேவையில்லாமல் போட்ட மாத்திரை, ஆறு மாதம் கழித்து உங்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து கேட்காமல் செய்யலாம். வீட்டில் இருக்கும் கைக்குழந்தைக்கும் அந்தக் கிருமி போகலாம்.

2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945 டிசம்பரில் நோபல் உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார்: யார் வேண்டுமானாலும் கடையில் பெனிசிலின் வாங்கும் காலம் வரும், அரைகுறை அளவு போட்டுக்கொண்டு கிருமிகளை எதிர்க்கப் பழக்கிவிடுவார்கள் என்று. பல் மருத்துவர்களின் பங்கு சிறியதும் கிடையாது. அமெரிக்காவில் வெளிநோயாளிகளுக்கு எழுதப்படும் ஆன்டிபயாடிக்கில் சுமார் பத்தில் ஒன்று பல் மருத்துவர்கள் எழுதுவது.

பல் எல்லாம் பழுப்பாகக் கறை படிந்திருக்கிறது. அதற்கும் மாத்திரை உண்டா?

நம் இரண்டு மாவட்டத்திலும் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. அது கிருமியால் வந்தது கிடையாது. இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பால் பல் விழுந்து முளைக்கப் போகும் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரை, அந்தப் போர்த் தண்ணீரைக் குடித்ததால் பல்லின் மேற்பூச்சு சரியாக அமையாமல் போனது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே முக்கியமாக இதற்காகத்தான். ஆற்று நீர் வரும் ஊர்களில் சிறுபிள்ளைகளுக்கு அதையே குடிக்கவும் சமைக்கவும் கொடுங்கள். பெரியவர்களின் கறைக்குத் தேய்த்து மெருகேற்றுவது, மேலே பூச்சு ஒட்டுவது என்று வழிகள் உண்டு. மாத்திரையும் ஊசியும் ஒன்றும் செய்யாது. கல்யாணத்துக்கு முன்பு ஆசிட் போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்பவர்களிடம் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பல்லே கரைந்துபோகும்.

குழந்தைக்குச் சொத்தைப் பல்லில் வலி. சிரப் வாங்கிக் கொடுக்கலாமா?

பாராசிட்டமால் எடைக்கு ஏற்றபடி கொடுக்கலாம். ஆன்டிபயாடிக் சிரப் கொடுப்பதற்கு முன் பல்லைக் காட்டுங்கள். ஈறில் கொப்புளம் மட்டும் இருந்து, குழந்தை ஓடியாடிக்கொண்டிருந்தால் பல்லுக்குத்தான் வைத்தியம். காய்ச்சலும் முக வீக்கமும் இருந்தால் அன்றே வர வேண்டும். 'விழப் போகிற பால் பல்தானே' என்று விடாதீர்கள், அடியில் இருக்கும் நிரந்தரப் பல்லைச் சீழ் கெடுக்கும்.

இன்றைக்குச் சிகிச்சை எடுக்கப் பணமோ நேரமோ இல்லை. வலிக்கு என்ன செய்வது?

ஒத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு, சாப்பிட்ட பிறகு ஐபுப்ரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 500 மி.கி.யும் சேர்த்துப் போட்டால் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தம் இளகும் மாத்திரை, கர்ப்பம், டெங்கு சந்தேகம் இதில் எது இருந்தாலும் ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். தலையை உயர்த்திப் படுங்கள். கிராம்புத் தைலம் ஒரு சொட்டு பஞ்சில் தொட்டுக் குழியில் வைக்கலாம், ஈறில் பட்டால் வெந்துபோகும். மாத்திரையை நுணுக்கிப் பல்லில் அடைப்பது, புகையிலை வைப்பது இரண்டும் புண்ணாக்கும்.

பணத்தைப் பற்றி: வேர் சிகிச்சை முழுதும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. முதல் நாள் பல்லைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்து, மருந்து வைத்து மூடினாலே வலி நிற்கும். 'இன்றைக்கு வலியை மட்டும் நிறுத்துங்கள், மீதி அடுத்த மாதம்' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு, வட்டத் தலைமை மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் மருத்துவர் இருக்கிறார். அங்கே பல் எடுப்பதற்குச் செலவில்லை. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.

சீட்டு எழுதும்போது டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

"இதில் ஆன்டிபயாடிக் எது? எதற்காக? எத்தனை நாள்? பல்லுக்கு எப்போது வைத்தியம்?" இந்த நான்கும் போதும். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். ஆன்டிபயாடிக் எழுதும்போது காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகமே மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் சீட்டின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள்: 'காய்ச்சல், பரவும் வீக்கம், மூன்றாம் நாள் பார்க்க வேண்டும்' என்பது போல ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் வெளியே போகாமல் திரும்பி வந்து கேளுங்கள்.